ஒரே மாத்திரை போதும். ஒரே பரிசோதனை போதாது

எச்.ஐ.வி. தொற்று உறுதியான ஒருவர் இன்று எந்த அரசு ஏஆர்டி (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்குப் போனாலும் பெரும்பாலும் அதே மாத்திரையைத்தான் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த அந்த மாத்திரையை மருத்துவர்கள் சுருக்கமாக ‘டிஎல்டி’ என்கிறார்கள். நாளுக்கு ஒன்று விழுங்கினால் போதும். எச்.ஐ.வி-யில் ஒன்று, இரண்டு என இரு வகைகள் உண்டு. டிஎல்டி இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. மருந்து ஒன்றுதான் என்று ஆகிவிட்ட பிறகு, ஒருவருக்கு வந்திருப்பது எந்த வகை என்று ஏன் மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆய்வகச் செலவையும் ஊழியர் பற்றாக்குறையையும் பார்த்துச் சலித்த நிர்வாகிகளுக்கு அந்தக் கேள்வி ஆறுதலாகக்கூட இருக்கும்.

அந்த ஆறுதல் ஆபத்தானது. முதல் நாள் கொடுக்கும் மாத்திரை ஒன்றாக இருக்கலாம். அது வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, தோற்றுப்போனால் அடுத்து எதைக் கொடுப்பது, கர்ப்பிணியாக இருந்தால் பிறக்கும் குழந்தைக்கு எந்த மருந்து, மாத்திரையிலிருந்து ஊசிக்கு மாறலாமா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் வகையைப் பொறுத்து விடை மாறும். உலகில் எச்.ஐ.வி-யோடு வாழும் சுமார் 4 கோடிப் பேரில் இரண்டாம் வகை உள்ளவர்கள் 10 முதல் 20 லட்சம் பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. கூட்டத்தில் அவர்கள் சிறு பகுதி. ஆனால் சிறு பகுதி என்ற காரணத்தாலேயே பரிசோதனைக் கருவிகளும் மருந்து ஆய்வுகளும் விலைப் பேரங்களும் அவர்களைத் தவிர்த்துவிட்டு நடந்திருக்கின்றன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இதுதான் கதை.

கதையின் தொடக்கம் செனகலின் தலைநகர் டக்கார். அங்கே 1969 முதல் பாலியல் தொழில் அரசுப் பதிவுக்கு உட்பட்டது. பதிவுசெய்த பெண்கள் மருத்துவப் பரிசோதனைக்கு முறையாக வந்துபோவார்கள். 1985-இல் நுண்ணுயிரியலாளர் சுலைமான் எம்பூப், பிரான்சின் ஃபிரான்சிஸ் பாரின், அமெரிக்காவின் ஃபிலிஸ் காங்கி, மேக்ஸ் எசெக்ஸ் ஆகியோர் அந்தப் பெண்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. அவர்களின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் புரதங்கள், எய்ட்ஸை உண்டாக்குவதாக அப்போது அறியப்பட்டிருந்த வைரஸைவிடக் குரங்குகளிடம் காணப்படும் வைரஸோடு நன்றாகப் பொருந்தின.

அதே காலத்தில் லிஸ்பனின் எகாஸ் மோனிஸ் மருத்துவமனையில், போர்ச்சுகலின் பழைய காலனியான கினி-பிசாவிலிருந்து வந்த சில நோயாளிகள் எய்ட்ஸின் எல்லா அறிகுறிகளோடும் படுத்திருந்தார்கள். உடல் மெலிந்துகொண்டே போனது, தொற்றுகள் மாறி மாறித் தாக்கின. பரிசோதனை முடிவு மட்டும் ‘தொற்று இல்லை’ என்றது. மருந்தியல் பேராசிரியை ஒடெட் ஃபெரைரா அந்த ரத்தத்தைத் தானே பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக்கு எடுத்துச்சென்றார். அங்கே லூக் மோன்தானியேவின் ஆய்வகத்தில் ஃபிரான்சுவா கிளாவெல்லும் சகாக்களும் புதிய வைரஸைப் பிரித்தெடுத்து 1986-இல் அறிவித்தார்கள். அதுதான் எச்.ஐ.வி-2.

அந்த 1986-இல்தான் இந்தியாவும் தன் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தன் வழிகாட்டி சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். யாரும் பொருட்படுத்தாத பெண்களிடமும் நோயாளிகளிடமும் எடுத்த ரத்தத்தை எவரோ ஒருவர் பிடிவாதமாகச் சுமந்துசென்றதால்தான் லிஸ்பனிலும் சென்னையிலும் உண்மை வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பையிலிருந்து எச்.ஐ.வி-2 இந்தியாவில் இருப்பதாக முதல் அறிக்கைகள் வந்தன. 1990-களின் தொடக்கத்திலேயே வேலூர் ஆய்வாளர்கள் தென்னிந்தியாவிலும் அதைப் பதிவுசெய்தார்கள். ஆக, இது எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கும் வைரஸ் என்று தள்ளிவிட நமக்கு ஒருபோதும் இடமிருந்ததில்லை.

இரண்டு வகைகளும் வந்த வழி வேறு. எச்.ஐ.வி-1-இன் முக்கியப் பிரிவு மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளிடமிருந்து மனிதருக்குத் தாவியது. எச்.ஐ.வி-2, மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சூட்டி மாங்கபே என்ற கருஞ்சாம்பல் நிறக் குரங்கிடமிருந்து வந்தது. ஒரு முறையல்ல, பல முறை தனித்தனியாகத் தாவியிருக்கிறது. அவற்றில் ஏ, பி என்ற இரு பிரிவுகளே மனிதரிடையே பரவின. வைரஸின் மரபணு மாற்றங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், இவை 1940-களை ஒட்டி மனித உடலில் கால்பதித்திருக்க வேண்டும் என்று 2003-இல் சொன்னார்கள். பரவல் வேகம் பிடித்தது 1955-க்கும் 1970-க்கும் இடையில் என்றும் அந்தக் கணக்கு காட்டியது.

கினி-பிசாவின் விடுதலைப் போர் 1963-இல் தொடங்கி 1974 வரை நீடித்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். படைகளின் நடமாட்டம், இடம்பெயர்ந்த மக்கள், காயம்பட்டோருக்கு ஏற்றிய ரத்தம், போர்ச்சுகீசியச் சிப்பாய்கள் தாயகம் திரும்பியது ஆகிய எல்லாமே வைரஸுக்கு வழி திறந்தன. ஐரோப்பாவில் எச்.ஐ.வி-2 அதிகம் காணப்படும் நாடாகப் போர்ச்சுகல் இருப்பதன் காரணம் இதுவே. போர் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. கனடா நாட்டு மருத்துவர் ஜாக் பெப்பின் பிசா நகர முதியவர்களிடம் நடத்திய ஆய்வு, காலனி ஆட்சிக் காலத்தில் தூக்க நோய்க்கும் காசநோய்க்கும் போடப்பட்ட ஊசிகளைச் சுட்டியது. ஊர் ஊராகப் போய், ஒரே ஊசியைப் பலருக்கும் போட்ட காலம் அது. நோயைத் தீர்க்க வந்த முகாம்களே இன்னொரு நோயைப் பரப்பியிருக்கலாம் என்பது கசப்பான வரலாறு. பாதிக்கப்பட்டவர்களை ஒழுக்கத்தின் பெயரால் குற்றம் சொல்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

1980-களின் இறுதியில் பிசா நகர வயதுவந்தோரில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேருக்கு எச்.ஐ.வி-2 இருந்தது. உலகில் வேறெந்த நாட்டிலும் அந்த அளவு காணப்படவில்லை. பிறகு அது குறையத் தொடங்கி, 2006-இல் 4.4 சதவீதத்துக்கு வந்தது. 2006-க்கு முந்தைய பத்தாண்டில் எச்.ஐ.வி-1 அங்கே இரு மடங்கானது. காரணம் எளிது. எச்.ஐ.வி-2 உள்ளவரின் ரத்தத்தில் வைரஸ் அளவு மிகக் குறைவு. செனகலில் செய்த ஒப்பீட்டில் முப்பது மடங்கு குறைவாக இருந்தது. அதனால் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அரிது. தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது, மருந்தே கொடுக்காவிட்டாலும், நூற்றுக்கு நான்குக்கும் கீழ்தான்.

இந்த இடத்தில்தான் ஒரு பெரிய தவறு வேர்விட்டது. ‘இது சாதுவான வைரஸ்’ என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்லத் தொடங்கின. எச்.ஐ.வி-2 வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு ஏதாவது காரணத்தால் முதுமையில் இறப்பார்கள், எய்ட்ஸால் அல்ல என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. பாதி உண்மைதான். சிகிச்சையே இல்லாமல் பல்லாண்டுகள் ரத்தத்தில் வைரஸ் தென்படாமலும், நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்கள் குறையாமலும் நலமாக வாழ்பவர்கள் இந்த வகையில் கணிசமாக உண்டு. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எச்.ஐ.வி-1-இல் இத்தகையவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தாலே அதிசயம்.

ஆனால் மீதிப் பேர்?

அதற்கு விடை தந்தவர்கள் கினி-பிசாவின் காவலர்கள். 1990 முதல் அந்நாட்டுக் காவல் துறையினர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் உள்ளூர் மருத்துவர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கண்காணித்தார்கள். பணியில் சேரும்போது தொற்று இல்லாதவருக்குப் பின்னர் தொற்று வந்தால், எப்போது வந்தது என்று ஏறத்தாழக் கணிக்க முடியும். அதுதான் இந்த ஆய்வின் பலம். வேறு பல ஆய்வுகள் ஏற்கெனவே தொற்றோடு வந்தவர்களிடம் தொடங்கியதால், அவர்கள் எத்தனை ஆண்டுகளாக வைரஸைச் சுமக்கிறார்கள் என்பதே தெரியாமல் கணக்குப் போட்டன.

‘லான்செட் எச்.ஐ.வி.’ இதழில் வெளியான முடிவு இதுதான்: சிகிச்சை இல்லாதபோது எச்.ஐ.வி-1 வந்தவர் எய்ட்ஸ் நிலையை எட்ட இடைநிலை அளவாக 6.2 ஆண்டுகள், எச்.ஐ.வி-2 வந்தவர் எட்ட 14.3 ஆண்டுகள். தொற்றிலிருந்து மரணம்வரை முன்னவருக்கு 8.2 ஆண்டுகள், பின்னவருக்கு 15.6 ஆண்டுகள். வேகம் பாதி, போய்ச்சேரும் இடம் ஒன்றே. முப்பது வயதில் தொற்று வந்த ஒருவர் நாற்பத்தைந்தில் இறக்கிறார் என்றால், அந்த வைரஸைச் சாது என்று அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. பிள்ளைகள் பள்ளி முடிக்கும் வயதில் குடும்பம் தாயையோ தந்தையையோ இழக்கிறது. எய்ட்ஸ் நிலையை எட்டும் சமயத்தில் எச்.ஐ.வி-2 உள்ளவரின் சிடி4 அளவு, எச்.ஐ.வி-1 உள்ளவரைவிட அதிகமாகவே இருந்தது என்பதையும் அந்த ஆய்வு கண்டது. ‘எண்ணிக்கை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று காத்திருப்பதும் ஆபத்து. ஆகவே, வகை எதுவானாலும் தொற்று உறுதியானதும் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்ற இன்றைய விதி மிகச் சரியானது.

சிகிச்சையின் வரலாற்றுக்கு வருவோம். நெஞ்சை உறுத்தும் பகுதி இதுதான்.

2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு மூன்று எச்.ஐ.வி. மருந்துகளையும் ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலரில் தருவதாக அறிவித்தார். பன்னாட்டு நிறுவனங்களின் மருந்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆன காலம் அது. அந்த அறிவிப்புதான் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் சிகிச்சையின் கதவைத் திறந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை லட்சக்கணக்கானோரின் உயிரைக் காத்தது. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று இலவச ஏஆர்டி தொடங்கியபோது, முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அங்கேயும் நெவிரபினோ எஃபவிரென்சோ கலந்த கூட்டு மருந்துதான் பெரும்பாலோருக்கும் தரப்பட்டது. இந்தச் சாதனையின் பெருமையில் ஒரு துளியும் குறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நெவிரபின், எஃபவிரென்ஸ் இரண்டும் எச்.ஐ.வி-2-ஐத் தொடுவதே இல்லை. வைரஸ் தன்னைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியில் ஒரு சிறு குழி இருக்கிறது. இந்த மருந்துகள் அங்கே போய் ஒட்டிக்கொண்டு நொதியை முடக்கும். எச்.ஐ.வி-2-இன் நொதியில் அந்தக் குழியின் வடிவமே வேறு. 188-ஆவது இடத்தில் எச்.ஐ.வி-1-க்கு டைரோசின் என்ற அமினோ அமிலம் இருந்தால், எச்.ஐ.வி-2-க்கு லூசின் இருக்கிறது. எச்.ஐ.வி-1 நெடுநாள் மருந்தை எதிர்த்துப் போராடி அடையும் எதிர்ப்புத் திறனை, எச்.ஐ.வி-2 பிறவியிலேயே பெற்றிருக்கிறது. இது 1990-களிலேயே ஆய்வகங்களில் தெரிந்துவிட்ட செய்தி.

வகை கண்டறியப்படாத எச்.ஐ.வி-2 நோயாளிக்கு அந்த மாத்திரை கிடைத்தபோது என்ன நடந்திருக்கும்? மூன்று மருந்துகளில் ஒன்று வெறும் சுமை. இரண்டு காலில் நிறுத்திய முக்காலியைப் போல எஞ்சிய இரண்டும் சில காலம் தாக்குப்பிடித்து, பின் சாய்ந்தன. சாயும்போது அவற்றுக்கும் எதிர்ப்புத் திறனை வைரஸ் கற்றுக்கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தன. முதல்நிலை மருந்து தோற்ற எச்.ஐ.வி-2 நோயாளிகளிடம் அந்த வகை மருந்துகள் பலவற்றையும் ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்யும் மரபணு மாற்றங்கள் காணப்பட்டன. நோயாளி மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்று அவர்மேல் பழிபோடுவது எல்லா நாட்டு மருத்துவமனைகளிலும் எளிதாக நடக்கும். இங்கே தவறியது நோயாளி அல்லர். அவருக்குப் பொருந்தாத மாத்திரையை, பொருந்துமா என்று பார்க்காமல் தந்த அமைப்புதான் தவறியது.

பின்னர் வழிகாட்டுதல்கள் மாறின. எச்.ஐ.வி-2 என்று உறுதியானால் லோபினாவிர் போன்ற வேறு வகை மருந்தைச் சேர்க்க வேண்டும் என்று இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் விதித்தது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் தரக்கூடிய, நாளுக்கு இரு வேளை விழுங்க வேண்டிய மருந்து அது. ஆனாலும் வேலை செய்தது.

டோலுடெக்ராவிர் வந்த பிறகே உண்மையான நிம்மதி பிறந்தது. வைரஸின் மரபணு நம் உயிரணுவின் மரபணுவோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இந்தக் குடும்பம் இரு வகைகளுக்கும் எதிராக நன்கு செயல்படுகிறது. 2017-இல் டிஎல்டி மாத்திரையை ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 75 டாலரில் தர இந்திய மருந்து நிறுவனங்களோடு உடன்பாடு ஏற்பட்டது. எச்.ஐ.வி-2 உள்ளவர்களுக்கு முதல்முறையாக, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே நல்ல மருந்து கிடைத்தது. இது தற்செயலாகக் கிடைத்த நன்மை என்பதையும் மறக்கக் கூடாது. எச்.ஐ.வி-1-க்காக உருவாக்கிய மருந்து இதற்கும் பொருந்திப்போனது, அவ்வளவே.

இதற்கான சான்றுகள் எவ்வளவு மெலிந்தவை என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். டோலுடெக்ராவிர் குடும்பத்தைச் சேர்ந்த எல்விடெக்ராவிர் கலந்த மாத்திரையை செனகலில் எச்.ஐ.வி-2 உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. பங்கேற்றவர்கள் 30 பேர். 48 வாரங்களுக்குப் பிறகு 28 பேரிடம் சிகிச்சை வெற்றி. நல்ல முடிவு. அதே குடும்பத்தின் ரால்டெக்ராவிரை வைத்துப் பிரான்சில் நடந்த ஆய்விலும் பங்கேற்றவர்கள் 30 பேர். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் சுமார் இருநூறு பேரைக் கொண்டு நடந்தது இத்துறையில் பெரிய ஆய்வுகளில் ஒன்று. அதுவும் இரண்டாம் கட்ட ஆய்வுதான். எச்.ஐ.வி-1-க்கு ஒவ்வொரு புதிய மருந்துக்கும் ஆயிரக்கணக்கானோரை வைத்து ஒப்பீட்டு ஆய்வுகள் நடக்கின்றன. எச்.ஐ.வி-2 உள்ளவர்களின் உயிர் முப்பது முப்பது பேராகச் சேர்த்த அறிவின்மேல் நிற்கிறது. டோலுடெக்ராவிர் குடும்பத்துக்கும் எதிர்ப்புத் திறன் பெற்ற எச்.ஐ.வி-2 ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கிறது. இந்த மருந்துகள் தாக்கும் இன்டெக்ரேஸ் நொதியில் 231-ஆவது இடத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் கூடுதலாக நுழைந்துகொள்ளும் மாற்றம் அவற்றுள் ஒன்று. எச்.ஐ.வி-1-க்கான எதிர்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் இது கண்ணில் படாது.

மருந்தின் வேலையை அளப்பதில்தான் இன்று மிகப் பெரிய ஓட்டை இருக்கிறது. எச்.ஐ.வி-யோடு வாழும் எவரிடமும் கேட்டால், ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் ‘வைரல் லோடு’ பரிசோதனையின் முடிவுக்காக எத்தனை நாள் நெஞ்சு படபடக்கக் காத்திருப்பார்கள் என்று சொல்வார்கள். ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்ற தாள் கைக்கு வந்தால், மருந்து வேலை செய்கிறது, துணைக்குத் தொற்றாது என்ற இரட்டை நிம்மதி. உலகெங்கும் மையங்களில் ஓடும் வைரல் லோடு இயந்திரங்களில் பெரும்பாலானவை எச்.ஐ.வி-1-இன் மரபணுவைத் தேடும்படி அமைக்கப்பட்டவை. எச்.ஐ.வி-2-ஐ அவை அளக்கமாட்டா. அந்த வகை உள்ளவரின் ரத்தத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருந்தாலும் ‘தென்படவில்லை’ என்ற தாள்தான் வரும்.

இதைவிடக் கொடுமையான ஏமாற்றம் வேறில்லை. வகை தவறாகப் பதிவானவர் ஆண்டுதோறும் நல்ல முடிவையே பெறுவார். சிடி4 இறங்கும், எடை குறையும், காசநோய் வரும். தாளைப் பார்த்த மருத்துவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். லிஸ்பனில் 1985-இல் நடந்த அதே குழப்பம், இன்னும் விலையுயர்ந்த இயந்திரத்தோடு திரும்ப நடக்கும். ‘வைரல் லோடு இல்லை, ஆனால் சிடி4 குறைகிறது’ என்றால் எச்.ஐ.வி-2-ஐச் சந்தேகி என்பது இத்துறை மருத்துவர்களுக்குத் தெரிந்த பாடம். சந்தேகிக்க ஒரு மருத்துவருக்கு நேரம் வேண்டும். சிடி4 எண்ணிக்கையும் கையில் இருக்க வேண்டும். வைரல் லோடு வசதி வந்துவிட்டதால், நலமாக இருப்பவர்களுக்குச் சிடி4 பரிசோதனையை நிறுத்தலாம் என்ற போக்கு உலக அளவில் வந்துவிட்டது. எச்.ஐ.வி-1 உள்ளவர்களுக்கு அது நியாயமான சிக்கனம். எச்.ஐ.வி-2 உள்ளவர்களுக்கு அதுவே இருந்த ஒரே சன்னலையும் அடைப்பது. மேலும், இந்த வகையில் பலருக்கு மருந்தே இல்லாமலும் வைரஸ் தென்படாது என்பதால், சரியான பரிசோதனை கிடைத்தாலும் சிடி4 கூடவே தேவைப்படும்.

எச்.ஐ.வி-2-ஐ அளக்கும் பரிசோதனை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில்கூட அதைச் செய்யும் ஆய்வகங்கள் மிகச் சில. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஆய்வு நிறுவனங்கள் தாமே உருவாக்கிய முறைகளை வைத்திருக்கின்றன. தொழில்நுட்பம் கடினமல்ல. வாங்குவோர் குறைவு என்பதால் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் அதைக் கருவியாக்கி விற்க முன்வரவில்லை. சந்தை செய்யாததைச் செய்யத்தான் அரசு இருக்கிறது.

மருந்து தோற்கும்போதும் வகை முக்கியம். எச்.ஐ.வி-1-க்கு இரண்டாம் நிலையில் பரவலாகத் தரப்படும் அட்டாசனாவிர், எச்.ஐ.வி-2-இடம் வீரியம் குறைந்தது. லோபினாவிரோ தாருனாவிரோதான் வேண்டும். குழந்தைக்கும் அப்படியே. எச்.ஐ.வி-1 உள்ள தாய்க்குப் பிறந்த சிசுவுக்குத் தடுப்பாக நெவிரபின் சிரப் தருவது வழக்கம். தாய்க்கு எச்.ஐ.வி-2 என்றால் அது வெறும் இனிப்பு நீர்; சிடோவுடின் சிரப் தர வேண்டும் என்று இந்திய வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. பிரசவ வார்டில் நள்ளிரவுப் பணியில் இருக்கும் செவிலியர் எந்தப் புட்டியை எடுக்க வேண்டும் என்பது, மாதங்களுக்கு முன்பு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் எழுதப்பட்ட ஓர் எண்ணைப் பொறுத்தது. அந்த எண் எழுதப்படாவிட்டால் அவர்மேல் குற்றமில்லை.

இந்தியாவில் இதற்கான முறை காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. நம்பிக்கை மையங்களில் வெவ்வேறு கொள்கையில் இயங்கும் மூன்று பரிசோதனைகள் செய்கிறார்கள். எச்.ஐ.வி-2 என்றோ இரண்டும் கலந்தது என்றோ முடிவு வந்தால், அதை உறுதிசெய்ய நாட்டின் குறிப்பிட்ட சில உயர்நிலை ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். இது தேவைதான். இரு வைரஸ்களும் உறவுக்காரர்கள் என்பதால் ஒன்றின் எதிர்ப்புப் புரதம் மற்றதன் பட்டையிலும் கோடு காட்டும். இரண்டும் இருப்பதாக விரைவுப் பரிசோதனை சொல்வது பல சமயம் மேல் பரிசோதனையில் எச்.ஐ.வி-1 மட்டும் என்றே முடிகிறது. கினி-பிசாவிலும் இதே அனுபவம்தான். அந்த உறுதிப்படுத்தும் கட்டத்தில் நோயாளியைத் தவறவிடாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொற்று இருப்பதாக அறிந்த அதிர்ச்சியில் இருப்பவரை, தொலைவில் உள்ள ஏஆர்டி மையத்துக்கு வா, இன்னொரு முறை ரத்தம் கொடு, முடிவுக்குக் காத்திரு என்றால், கூலி வேலைக்குப் போகும் மனிதர் எத்தனை முறை வருவார்? ரத்தம் பயணம் செய்யட்டும், மனிதர் அலைய வேண்டாம் என்பதை ஒவ்வொரு மாவட்டமும் உறுதிசெய்ய வேண்டும். முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. டிஎல்டி இரண்டுக்கும் பொருந்தும் என்பதன் உண்மையான பயன் இதுதான்: அன்றே தொடங்கலாம், வகையைப் பிறகு திருத்தலாம்.

2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்றோடு வாழ்வோருக்கு நோயறியும் வசதிகளையும் கூட்டு மருந்துச் சிகிச்சையையும் இயன்றவரை வழங்குவதை அரசுகளின் பொறுப்பில் வைக்கிறது. மற்றவர்களுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் வைரல் லோடு பரிசோதனை, எச்.ஐ.வி-2 உள்ளவருக்கும் அதே ஒழுங்கில், கட்டணமின்றி, அவருடைய ஏஆர்டி மையம் வழியாகவே கிடைக்க வேண்டும். ஏஆர்டி புத்தகத்தில் வகை என்ற கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது. தொற்றோடு வாழ்வோரும் அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது, தங்களுக்கு இருப்பது எந்த வகை என்று கேட்கலாம். அது அவர்களின் உரிமை. கேட்டதற்காக எவரும் முகம் சுளிக்கக் கூடாது.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். மாத்திரையின் இடத்தை ஊசி பிடிக்கப்போகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் காபோடெக்ராவிர், ரில்பிவிரின் இணை பல நாடுகளில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. ரில்பிவிரின், நெவிரபினின் குடும்பத்தைச் சேர்ந்தது. எச்.ஐ.வி-2 உள்ளவருக்கு அந்த ஊசியைப் போட்டால் அவர் ஒற்றை மருந்தில் நிற்பார். 2001-இல் நடந்தது இன்னும் மோசமாகத் திரும்பும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியாகப் பேசப்படும் லெனகாபாவிர், எச்.ஐ.வி-2-இடம் பல மடங்கு வீரியம் குறைந்தது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அதன் மலிவான வடிவத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலரில் 2027 முதல் தரப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தயாரிக்க முன்வந்திருப்பவை டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ என்ற ஐதராபாத் நிறுவனங்கள். தடுப்புக்காக அந்த மருந்து போகவிருக்கும் 120 நாடுகளின் பட்டியலில் மேற்கு ஆப்பிரிக்காவும் அடங்கும். செனகலிலும் கினி-பிசாவிலும் அதைப் போட்டுக்கொள்ளப்போகும் பெண்ணிடம், இது எந்த வைரஸிலிருந்து காக்கும், எதிலிருந்து காக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதை அவளுடைய மொழியில் விளக்கும் பொறுப்பு தயாரிப்பவருக்கும் வாங்கிக் கொடுப்பவருக்கும் உண்டு. இந்திய ஆலையிலிருந்து அந்த ஊசி கப்பலேறும் முன், அதோடு போகும் விளக்கத் தாளில் எச்.ஐ.வி-2 பற்றிய பத்தி இடம்பெற வேண்டும்.